கரண்டு வண்டிக்காரனுக்குத் தாய்மாமன் சொல்லும் புத்தி

இன்னா மாப்ளே, கரண்டு காரு எடுத்துட்டியாமே? பச்சை நம்பர் பிளேட்டு, சத்தமே இல்லாம வருதுன்னு உங்க அம்மா தெரு பூரா சொல்லிட்டா. தெரு நாய்க்கு மட்டும்தான் இன்னும் தகவல் போகல. அது பாட்டுக்கு நடு ரோட்டுல படுத்திருக்குது, பார்த்து ஓட்டு. பாடியில இருந்து ஆவடி வரைக்கும், பூந்தமல்லி போயிட்டு வர, அந்த வண்டிக்கு ஒரு குறையும் வராது. ராத்திரி சொருகிட்டுப் படுத்தா காலைல ரெடி. அதுக்கு என் யோசனை உனக்குத் தேவையில்ல. ஆனா புள்ளகுட்டியோட பெங்களூரு போறேன், மாமனார் ஊருக்கு மதுரைப் பக்கம் போறேன்னு கிளம்பறியாம். அங்கதான் நான் வாயைத் திறக்க வேண்டியதா இருக்குது.

ஏர் பிடிச்ச கிழவனுக்குக் காரைப் பத்தி இன்னா தெரியும்னு நினைப்பே. நினைச்சுக்கோ. நீ வேலை பாக்கற கண்ணாடி பில்டிங் நிக்கற மண்ணு, எங்க அப்பன் நாத்து நட்ட மண்ணு. 1960கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்துது, நிலம் போச்சு, நாங்க லேத்துப் பட்டறைக்குப் போனோம். இந்தப் பக்கமே சக்கரத்தால பொழைச்ச பக்கம். டிஐ சைக்கிள் கம்பெனி 1949-ல தொடங்குனது. டன்லப்காரன் இங்கதான் டயர் போட்டான். ஆவடியில விஜயந்தா டாங்கி 1965-ல வெளிய வந்துது. அந்த சைக்கிள் கம்பெனியோட முருகப்பா குரூப்பு இப்ப மான்ட்ரான்னு பேரு வச்சு கரண்டு ஆட்டோ பண்ணுது, அதுவும் அம்பத்தூர்லயே. அதனால வண்டியப் பத்திப் பேச நீ எனக்கு லைசென்ஸ் குடுக்க வேணாம்.

மொத விஷயம், வழியில சார்ஜர் இருக்குமோ இருக்காதோன்னு நடுங்காதே. உலகத்துல முதல்முதலா கார்ல வெளியூர் போனது ஒரு பொம்பள, தெரியுமா? ஜெர்மனிக்காரி, பேரு பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட்டு. புருஷன் கார்ல் பென்ஸ் வண்டியச் செஞ்சு வச்சுட்டு, தூரமா எடுத்துக்கினு போகாம தயங்கிக்கிட்டே இருந்தாரு. இந்தம்மா அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு அம்மா வூட்டுக்குக் கிளம்பிட்டா. மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம், சுமார் 106 கிலோமீட்டரு. இங்க இருந்து வேலூர் போற தூரம் கூட இல்ல. பெட்ரோல் பங்க்குன்னு ஒண்ணு அப்ப கிடையாது. வீஸ்லோக்குன்ற ஊர்ல மருந்துக் கடையில நுழைஞ்சு, கறை எடுக்க விக்கற லிக்ராயின வாங்கி ஊத்துனா. எண்ணெய் பைப்பு அடைச்சுக்கிச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்தா. பிரேக் கட்டை தேஞ்சுது, செருப்புத் தைக்கறவரைப் புடிச்சுத் தோலு வச்சு ஆணி அடிச்சுக்கிட்டா. மேட்டுல வண்டி ஏறல, பசங்க இறங்கித் தள்ளுனாங்க. பொழுது சாஞ்சதும் அம்மா வூடு போய்ச் சேர்ந்து புருஷனுக்குத் தந்தி அடிச்சா. நீ இன்னான்னா போன்ல பச்சைப் புள்ளி ரெண்டு கொறைஞ்சா மூஞ்சி வெளுத்துப் போறே.

நம்ம சர்க்காரும் கையக் கட்டிக்கிட்டு இருந்துடல, அத ஒத்துக்கணும். கரண்டை வாங்கி விக்கறதுன்னா லைசென்ஸ் வேணும்னு சட்டம். வண்டிக்கு ஏத்தறது விக்கறதில்ல, அது சேவைன்னு 2018 ஏப்ரல்ல மத்திய மின்துறை சொல்லிடுச்சு. அன்னையில இருந்து யாரு வேணாலும் சார்ஜர் வைக்கலாம். சேவைன்னு சொன்னதும் பின்னாடியே 18 சதம் ஜிஎஸ்டியும் வந்து உட்கார்ந்துக்கிச்சு. வண்டி வாங்கும்போது 5 சதம், அதுக்குத் தீனி போடும்போது 18. இதுக்கு நீ என்னைப் பார்த்து முழிக்காதே.

ஹைவேயில ரெண்டு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் இருக்கணும்னு அப்பவே வழிகாட்டுதல் எழுதிட்டாங்க. எழுதுனதுக்கு ஒரு குறையும் இல்ல. 2022-ல பாரத் பெட்ரோலியம்காரங்க சென்னை-திருச்சி-மதுரை ரோட்டுல அவங்க பங்க்குகள்லயே சுமார் 100 கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு ஃபாஸ்ட் சார்ஜர் வச்சாங்க. பெட்ரோல் விக்கறவனே கரண்டு ஏத்தறான்னா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புரிஞ்சுக்கோ. 2023 மார்ச்சுல மூணு எண்ணெய் கம்பெனிக்கும் சேர்த்து 7,432 சார்ஜிங் நிலையத்துக்கு 800 கோடி ஒதுக்குனாங்க. 2024-ல பிஎம் இ-டிரைவ்னு வந்துது, அதுல சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி, கார்களுக்குன்னு 22,100 ஃபாஸ்ட் சார்ஜர். ஸ்ரீபெரும்புதூர்ல கார் பண்ற ஹூண்டாய் கம்பெனி தமிழ்நாட்டுல 100 சார்ஜிங் நிலையம் வைக்கறேன்னு 2023-ல அரசோட கையெழுத்துப் போட்டான். கோயம்புத்தூர்க்காரங்க ஸியான்னு ஒரு கம்பெனி வச்சு, ஹைவே ஓட்டல் ஓட்டலா சார்ஜர் நட்டுக்கிட்டு வர்றாங்க.

எண்ணிக்கையில யாரும் குறை சொல்ல முடியாது மாப்ளே. குறை வேற எடத்துல இருக்குது. நட்டுட்டுப் போறவன் இருக்கான், பார்த்துக்கறவன் இல்ல.

நீ போய் நிப்பே. இரும்புப் பொட்டி ஒண்ணு ஆள் உசரத்துக்கு நிக்கும். மேல கூரை கிடையாது. மேற்கு வெயில் நேரா ஸ்கிரீன்ல அடிச்சு அது பழுத்துப் போய், எழுத்து எதுன்னு தெரியாது. கைய வச்சு மறைச்சு, தலைய சாய்ச்சுப் பார்த்தா சிவப்புல ஏதோ எரியும். போன்ல ஆப்பு "கிடைக்கும்"னு காட்டும். பொட்டி "முடியாது"ன்னு காட்டும். நீ கஸ்டமர் கேருக்குப் போடுவே, ஹிந்திக்கு ஒண்ணு அமுக்குன்னு அவன் பாடுவான். உன் பொண்டாட்டி கார்ல இருந்து ஒரு பார்வை பார்ப்பா. அந்தப் பார்வைக்கு எந்தக் கம்பெனியும் சார்ஜர் கண்டுபுடிக்கல.

அப்ப இன்னா செய்யணும்னு சொல்றேன், இதை எந்த சேல்ஸ்மேனும் சொல்ல மாட்டான். பொட்டியோட நெஞ்சுல, சில எடத்துல விலாவுல, நாய்க்குடை மாதிரி சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். ஆபத்துன்னா அமுக்கறதுக்கு. எவன் வூட்டுப் புள்ளயோ வேடிக்கைக்கு அமுக்கிட்டுப் போயிருக்கும். அமுக்குனா உள்ள போய் மாட்டிக்கும், தானா வெளிய வராது. லேசா வலது பக்கம் திருகு, டப்புன்னு வெளிய வரும். ரெண்டு நிமிஷம் பொறு. பொட்டி கண்ணு முழிச்சு, பச்சை லைட்டு வரும். ஓட்டல் வாசல்ல நிக்கற செக்யூரிட்டி ஐயாவுக்கு இந்த வித்தை தெரியும். அவருக்குச் சம்பளம் கார் பார்க்கிங்குக்கு, சார்ஜருக்கு இல்ல. ஆனா அந்த ரோட்டுல பாதி கரண்டு வண்டிய ஓட வைக்கறது அவருதான். ஒரு டீ வாங்கிக் குடு. திருகியும் வரலைன்னா விட்டுடு, உள்ள கைய வைக்காதே. அது வேற நோயி.

அடுத்தது, சார்ஜருக்கு முன்னாடி ஒரு பெரிய டீசல் வண்டி நிக்கும். கட்சிக் கொடி இருந்தாலும் இருக்கும். உள்ள ஆளு இருக்க மாட்டான், மட்டன் சுக்கா சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். நிழலா இருந்துது நிறுத்துனேன்னு சொல்லுவான். அவன்கிட்டச் சட்டம் பேசாதே. "அண்ணே, வண்டி அழகா இருக்குது, மைலேஜ் இன்னா குடுக்குது?"ன்னு கேளு. அஞ்சு நிமிஷம் டீசல் விலையத் திட்டிட்டுத் தானா எடுத்துடுவான். போகும்போது உன் வண்டி விலையயும் கேட்டுட்டுப் போவான்.

இன்னொரு கூத்து இந்த ஆப்பு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப்பு, ஒவ்வொரு ஆப்புலயும் முன்பணம். இங்க 200, அங்க 500ன்னு போட்டு வச்சே ஒரு சீட்டுக் கம்பெனி நடத்தலாம். எல்லாத்தையும் ஒரே ஆப்புல கொண்டு வரணும்னு டில்லியில பேசிக்கறாங்க, பெல் கம்பெனிகிட்ட அந்த வேலையக் குடுக்கறதா 2025-ல சொன்னாங்க. பெல்லோட ராணிப்பேட்டை ஆலை நீ போற வழியிலதான் இருக்குது, வேணும்னா இறங்கி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. அது வர்ற வரைக்கும் கிளம்பறதுக்கு மொத நாளு வூட்டுல வைஃபைல உட்கார்ந்து நாலு ஆப்பையும் இறக்கி, பணம் போட்டு வை. வாலாஜா டோல்கேட்டுக்கு அந்தாண்ட போய் ஓடிபி வரலைன்னு வானத்தைப் பார்க்காதே.

இப்ப கணக்குக்கு வா. கம்பெனிக்காரன் சொன்ன கிலோமீட்டரை நம்பி பொண்ணு பார்க்கக் கூட போகாதே. 2020-ல நெக்ஸான் கரண்டு வண்டி வந்தப்ப 30.2 யூனிட் பேட்டரி, 312 கிலோமீட்டர் ஓடும்னு சர்ட்டிபிகேட். வாங்குனவனக் கேட்டா 200 சுமாருக்கு ஓடுதுன்னான். பொய் சொல்லல, அது டெஸ்ட்டு ரூம்புல எடுத்த மார்க்கு. ரோட்டுல காத்து இருக்குது, வெயில் இருக்குது, ஏசி இருக்குது, பின் சீட்டுல உங்க அத்தை இருக்கா. உன் வண்டி ஒரு யூனிட்டுக்கு ஆறோ ஏழோ கிலோமீட்டர் குடுத்தா நல்ல வண்டி. வேகத்தை ரெண்டு மடங்காக்குனா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு ஆகும். டீசல் வண்டியில நூத்தி இருபதுல போனா பாக்கெட்டுதான் எளைக்கும், கரண்டு வண்டியில ஊரே எட்டிப் போயிடும். எண்பது, எண்பத்தஞ்சுல போ. லாரிக்காரன் ஒருத்தன் கடந்து போறான்னு உனக்கு ரோஷம் வந்தா, அவன் டாங்கியப் பாரு, உன் டாங்கியப் பாரு.

இங்க இருந்து வேலூர் சுமார் 130, ஆம்பூர் இன்னும் ஒரு 50. பெங்களூரு 330, 340. உன் சின்ன பேட்டரிக்கு வேலூர்லயே பசிக்கும். உனக்கு ஆம்பூர்லதான் பசிக்கும். இந்த அம்பது கிலோமீட்டர் வித்தியாசத்துலதான் எத்தனையோ குடும்பத்துல சண்டை வருது. வேலூர்ல சொருகிட்டு இட்லி தின்னா பிரியாணிக்கு வயித்துல எடமிருக்காது. ஆம்பூர் வரைக்கும் இழுத்துப் பார்க்கலாம்னா டேஷ்போர்டுல ஆமை படம் வந்துடும். வேலூர்ல ஒரு கால் மணி நேரம் டீக்கு மட்டும் சொருகு, ஆம்பூர்ல உட்கார்ந்து சாப்பிடற நேரத்துக்கு மறுபடி சொருகு. ரெண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறது ஒரே தடவை முட்ட ஏத்தறதை விட வேகம். ஏன்னா ஃபாஸ்ட் சார்ஜர்ல 10 சதத்துல இருந்து 60 வரைக்கும் கடகடன்னு ஏறும், 80 தாண்டுனா பேட்டரி தன்னைக் காப்பாத்திக்க வேகத்தை இறக்கிடும். கடைசி 20 சதத்துக்கு நீ உட்கார்ந்த நேரத்துல கிருஷ்ணகிரி போயிருக்கலாம். பின்னாடி ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கும்போது 80க்கு மேல நகராம உட்கார்ந்தா, அவன் மனசுல உன் வம்சமே வந்து போகும்.

60 கிலோவாட்டுன்னு பொட்டியில பெரிசா எழுதியிருக்கும். கிட்டப் போய் பாரு, ரெண்டு கன்னு தொங்கும். ரெண்டும் ஓடுனா ஆளுக்கு 30. அதுவும் உன் வண்டி எவ்ளோ வாங்கும்னு ஒரு அளவு உண்டு, அதுக்கு மேல அந்தப் பொட்டி ஐஐடியில படிச்சிருந்தாலும் போகாது. சில பழைய பங்க்குல கன்னே உன் வண்டிக்குப் பொருந்தாது. அது ஜிபி/டின்னு பழைய ரகம், 15 கிலோவாட்டு. உன்னுது சிசிஎஸ்-2. பிடிச்சா தேங்காய் மட்டை மொத்தத்துக்கு இருக்கும் கேபிளு, அதை உன் பொண்டாட்டிய இழுக்கச் சொல்லாதே.

எங்க அப்பன் கொத்தவால்சாவடிக்குக் காய் ஏத்திக்கிட்டு மாட்டு வண்டியில போவாரு. ராத்திரி கிளம்பி விடியக்காலம் போய்ச் சேரணும். வழியில எங்க நிக்கறதுன்னு அவரு முடிவு பண்ண மாட்டாரு, மாடு முடிவு பண்ணும். மாடு தண்ணி குடிக்கற எடத்துல அவரும் குடிப்பாரு, மாடு அசை போடற நேரத்துல அவரும் கட்டுச்சோத்த அவிழ்ப்பாரு. பெட்ரோல் வண்டி வந்துதான் நம்ம ஜனத்துக்கு இந்த ஒழுங்கு கெட்டுப் போச்சு. அஞ்சு நிமிஷத்துல ஊத்திக்கிட்டு, ஒண்ணுக்குக் கூட போகாம திருச்சி வரைக்கும் விரட்டறீங்க. இப்ப மறுபடி மாடு வந்திருக்குது, நாலு சக்கரத்தோட.

அந்தக் காலத்துல ரோடு போட்டவன் ரோட்டோட நிக்கல. ராணி மங்கம்மாள் சாலையும் போட்டா, சத்திரமும் கட்டுனா. மதுரைக்குப் போறியே, ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல பாரு, அவ பேருல சத்திரம் இன்னும் நிக்குது. சத்திரம்னா நாலு சுவரு மட்டுமா? கிணறு இருக்கும், திண்ணை இருக்கும், மாடு கட்ட எடமிருக்கும், முக்கியமா ஒரு ஆளு இருப்பான். நடு ராத்திரி கதவு தட்டுனா "யாரு?"ன்னு கேக்க ஒரு குரல் இருக்கும். இப்ப சார்ஜர் வைக்கறவன் கேபிளு போட்டான், பொட்டி நட்டான், ரிப்பன் வெட்டுனான். திண்ணையும் குரலும்தான் இல்ல. டெண்டர்ல இத்தனை கிலோவாட்டுன்னு கேக்கறாங்க, ஒரு கூரை, ஒரு கக்கூசு, ராத்திரிக்கு ஒரு லைட்டு, ஒரு ஆளுன்னும் கேட்டா இன்னா? பொம்பளைப் புள்ள ஒருத்தி தனியா கரண்டு வண்டி ஓட்டிக்கிட்டு வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு மூடிப்போன பங்க்கு மூலையில முக்கா மணி நேரம் உட்காருவாளா? பெர்த்தா பென்ஸே உட்கார மாட்டா.

கம்பெனிக்காரன் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, கேட்டுக்கோ. பெரிய லோடு வாங்கணும், டிரான்ஸ்பார்மர் கேட்கணும், வண்டி வந்தாலும் வராட்டியும் மாசா மாசம் ஈபிக்கு நிலைக்கட்டணம் அழணும். வர்ற வண்டியோ எண்ணிடலாம். வண்டி இல்லைன்னு அவன் சார்ஜர் வைக்கல, சார்ஜர் இல்லைன்னு இவன் வண்டி வாங்கல. ஓட்டல்காரன் மட்டும்தான் இதுல பொழைக்கத் தெரிஞ்சவன். நீ யூனிட்டுக்கு பதினெட்டோ இருபதோ குடுத்துட்டு, நாப்பது நிமிஷம் உட்கார்ந்து அவன்கிட்ட அறுபது ரூபா காபி குடிப்பே. புள்ளைக்கு ஐஸ்கிரீம், பொண்டாட்டிக்கு தோசை, போகும்போது ஒரு டப்பா மைசூர்பாகு. கரண்டுல நஷ்டம் வந்தாலும் அவனுக்குக் கல்லாவுல வந்துடும். அதனால நான் சொல்றது, கிலோவாட்டைப் பார்த்து சார்ஜர் தேடாதே, கக்கூசைப் பார்த்துத் தேடு. கக்கூசு சுத்தமா இருக்கற ஓட்டல்ல சார்ஜரும் வேலை செய்யும். ரெண்டையும் பார்த்துக்கறது ஒரே ஆளு.

முடிஞ்சா பகல்ல ஏத்து. காலைல 9ல இருந்து சாயந்திரம் 4 வரைக்கும் சூரிய நேரம், அப்ப சார்ஜிங் நிலையத்துக்குக் கரண்டைக் குறைச்ச விலைக்குக் குடு, மத்த நேரத்துல கூட்டி வாங்குன்னு 2024 வழிகாட்டுதல்ல இருக்குது. அந்தக் குறைச்சல் உன் பில்லு வரைக்கும் வந்து சேருதான்னு நீயே பார்த்துக்கோ, பெரிய எடத்துல இருந்து கீழ வர்ற எதுவும் வழியில கொஞ்சம் ஆவியாகும். ராத்திரி ஏத்துனா நெய்வேலி நிலக்கரியத்தான் ஏத்தறே, அப்புறம் மத்தவன் புகையப் பார்த்து மூக்கைப் பொத்தாதே.

இனி மாமனார் வூட்டு விஷயம். பெரிய ரோட்டை விட்டு மேலூர்ப் பக்கம் உள்ள இறங்குனா ஃபாஸ்ட் சார்ஜர் கிடையாது, 15 ஆம்பியர் பிளக்குதான் குலதெய்வம். ராத்திரி பூரா சொருகி வச்சா ஒரு மணிக்கு மூணு யூனிட் சுமாருக்கு ஏறும். ஆனா அந்த பழைய வூட்டுல எர்த்து சரியா இருக்காது. உன் வண்டி புத்திசாலி, எர்த்து இல்லைன்னா சிவப்பு லைட்டு போட்டு சாப்பிட மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கும். பின்கட்டுல எர்த்துக் குழி எங்கன்னு கேளு. உப்பும் அடுப்புக்கரியும் போட்டு எந்தக் காலத்துலயோ மூடியிருப்பாங்க, காய்ஞ்சு போயிருக்கும். ரெண்டு குடம் தண்ணி ஊத்திப் பாரு, பாதி வூட்டுல அதுலயே லைட்டு பச்சையாகும். ஆகலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. கிரைண்டருக்குப் போடற எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கினு வந்து சொருகாதே, விடியக்காலம் அது வயரா இருக்காது, சாம்பலா இருக்கும்.

தோட்டத்துல மோட்டார் கொட்டாயில மூணு பேஸு கரண்டு சும்மா வருதேன்னு கண்ணு போகும். அது விவசாயத்துக்கு குடுக்கற இலவசம். அதுல காருக்கு ஏத்துனா ஈபிகாரன் அபராதம் போடுவான், பேரு மாமனாருக்குத்தான் போகும். வூட்டு மீட்டர்லயும் ஒரு சங்கதி. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு உன் மாமியாரம்மா ஒத்தை ஃபேன்ல, ஒத்தை பல்புல சிக்கனமா ஓட்டிக்கிட்டு இருக்கும். நீ ஒரு தடவை வயிறு நிறைய ஏத்துனா 30, 40 யூனிட் போயிடும். தீபாவளி, பொங்கல், திருவிழான்னு நாலு நாளு தங்கிட்டு வந்தேன்னா அந்தம்மா இலவசம் அதோட கதை முடிஞ்சுது. மரியாதையா ஒரு ஐநூறு ரூபாய வெத்தலைத் தட்டுல வச்சுட்டு வா. கரண்டு பில்லுன்னு சொல்லாதே, பூ வாங்கிக்கோங்கன்னு சொல்லு.

மலைக்குப் போறதா இருந்தா ஏலகிரி போ. 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பேட்டரி சரசரன்னு இறங்கும், பயப்படாதே. இறங்கும்போது பிரேக்குக்குப் பதிலா மோட்டாரே வண்டியப் பிடிச்சு, கரண்டைத் திரும்ப உள்ள அனுப்பும். ஆனா மேல ஓட்டல்ல சும்மா கிடைச்சுதுன்னு 100 சதம் ஏத்திக்கிட்டு இறங்குனேன்னா, நிறைஞ்ச குடத்துல எங்க ஊத்துவான்? திரும்ப வர்ற கரண்டுக்கு எடமில்ல, பிரேக்குக் கட்டைதான் தேயும். மேல 80ல நிறுத்திக்கோ, அடிவாரத்துல பாரு, ஏறி இருக்கும். பெட்ரோல் வண்டிக்காரன்கிட்ட போய், இறங்கும்போது என் டாங்கி நிறைஞ்சுதுன்னு சொல்லு. அவன் உன்னை கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்னு நினைப்பான்.

திருப்பதிக்குன்னா கேக்கவே வேணாம். 2022 செப்டம்பர்ல இருந்து கீழ்த் திருப்பதிக்கும் திருமலைக்கும் நடுவுல கரண்டு பஸ்ஸே ஓடுது. பெருமாளே மாறிட்டாரு, நீ இன்னாத்துக்கு யோசிக்கறே?

கடைசியா பொங்கலு. அதை மட்டும் கேட்டுக்கோ. போகிக்கு மொத நாளு சாயந்திரம் ஊரே தெக்கப் பார்த்து ஓடும். பரனூர் டோல்கேட்டுல ஒண்ணு, திண்டிவனத்துல ஒண்ணு, விக்கிரவாண்டியில ஒண்ணுன்னு சார்ஜர் நிக்கும். ரெண்டு கன்னுக்கு எட்டு கரண்டு வண்டி வரிசை கட்டுனா, ஆளுக்கு முக்கா மணி நேரம்னு நீயே கணக்குப் போடு. பொங்கல் பானை பொங்கற நேரத்துக்கு நீ மேல்மருவத்தூர்ல புளியோதரை தின்னுக்கிட்டு இருப்பே. அன்னைக்கு மட்டும் கிளாம்பாக்கம் போய் அரசு பஸ் ஏறிடு. டிக்கெட்டு இப்பவே போட்டு வை.

சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போ. வண்டிய நாலு நாளு சும்மா நிறுத்தக் கூடாது பாரு. நானும் உங்க அத்தையும் திருத்தணி போயிட்டு வந்துடறோம். இங்க இருந்து போக வர 150 கிலோமீட்டருக்குள்ளதான், வழியில எங்கயும் சொருக வேண்டியதில்ல. ஏசி போட மாட்டேன், எண்பதுக்கு மேல போக மாட்டேன். டிரைவரு? அதான் நம்ம பட்டறையில வேலை பாக்கற பையன் இருக்கானே, அவனுக்கு சாப்பாடு வாங்கிக் குடுத்துடறேன். நீ கிளம்பறதுக்கு மொத நாளு ராத்திரி முட்ட ஏத்தி வச்சுட்டு மட்டும் போ.